பன்றி விரட்டியும் உலக சமாதானமும்

கோபப்படுவதற்கு முன்னால் விவரம் கேட்கிற ஓர் இனம் நம்மிடையே வாழ்ந்து வருகிறது. விவரம் கேட்பது நல்ல பழக்கம்தானே என்பீர்கள். பொறுங்கள். அவர்கள் கேட்கிற விவரம் ஒன்றே ஒன்றுதான்: "செஞ்சது யாரு?" என்ன செய்தார்கள், எதற்குச் செய்தார்கள், அதனால் யார் வயிற்றில் அடி விழுந்தது என்பதெல்லாம் அப்புறம். ஆள் யார் என்று தெரிந்த மறுநொடி, கொதிப்பதா குளிர்வதா என்பதை அவர்கள் உடம்பு தானாகவே முடிவு செய்துகொள்ளும். ஆள் பார்த்துக் கொதிப்பவர் என்று நான் இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. டெல்லியில் இருப்பவர் கோட்டுப் போட்டிருப்பார், தொலைக்காட்சியில் வருபவர் முகத்தில் பவுடர் பூசியிருப்பார், கோவில்பட்டியில் இருப்பவர் கையில் டீ கிளாஸ் வைத்திருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு வாய்த்தவர் பக்கத்துக் கடைக்காரர். நான் புதியம்புத்தூரில் தைத்து வருகிற ரெடிமேட் துணி விற்கிறவன். தீபாவளி, பொங்கல் போக மற்ற மாதங்களில் அவரைக் கவனிப்பதைத் தவிர எனக்குப் பெரிய ஜோலி கிடையாது.

பெயர் ஜெயகிருஷ்ணன். மைக்செட் கடை. கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று சுற்று வட்டாரம் முழுக்க ஒலிபெருக்கி கட்டி முப்பது வருஷம் ஆகிறது. அந்த முப்பது வருஷத்தில் ஒலிபெருக்கியின் குணம் கொஞ்சம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் காதோடு சொல்கிற ரகசியம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். ஒரு கட்சியில் இருக்கிறார். தெருமுனைக் கூட்டங்களில் கடைசிக்கு முந்தின பேச்சாளர். மைக்கும் அவருடையது என்பதால், பேச ஆரம்பித்துவிட்டால் அவரை இறக்கிவிட யாராலும் முடியாது. தான் பேசிய பேச்சுகளையெல்லாம் ஒன்று விடாமல் பதிவு செய்து, தேதி எழுதி, கடை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்.

காலை ஏழரைக்கு, எங்கள் இரண்டு கடைகளுக்கும் நடுவில் இருக்கும் மாரிராஜ் டீக்கடைக்கு வருவார். மூன்று பத்திரிகைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் வேண்டுமானால் விளம்பரத் தாளைப் படிக்கலாம். மழை நிலவரம், மக்காச்சோள விலை, நம் தெருச் சாக்கடை பற்றிய செய்தி எல்லாவற்றையும் ஈ ஓட்டுவதுபோலத் தள்ளிவிட்டு நேரே வெளிநாட்டுப் பக்கத்துக்குப் போவார். அவருடைய பகையாளிகள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

ஐப்பசி மாதத்தில் அவருக்கு ஒரு செய்தி வாய்த்தது. கடலுக்கு அப்பால் இருக்கிற பெரிய நாடு ஒன்று, நமக்குப் போர் விமானத்தில் வைக்கிற ரேடார் விற்கிறது. அதே நாடு, நமக்கு ஆகாத அண்டை நாட்டுக்கு, அந்த ரேடாரின் கண்ணில் மண்ணைத் தூவுகிற கருவியையும் விற்கிறது. இரண்டு வியாபாரமும் ஒரே மாதத்தில். ஜெயகிருஷ்ணன் பெஞ்சில் ஓங்கி அடித்தார். நாலு பேர் டீ சிந்தியது.

"ரெண்டு பக்கமும் ஆயுதம் விக்கவன் மனுசனா? தட்டிக் கேக்க நாதி இல்லையா இந்த நாட்டுல? நம்ம மந்திரி அவன்கூட சிரிச்சிக்கிட்டு போட்டோ எடுக்காரே, வெக்கமா இல்ல?"

எதிர் பெஞ்சில் ராஜமணி அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர் (எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்), மந்திரியின் கட்சி. நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் ஜெயகிருஷ்ணா, ஆறு வருசத்துக்கு முன்னாலயும் இதே நாட்டுக்காரன் இப்படித்தான ரெண்டு பக்கமும் வித்தான்? அன்னைக்கு ஒங்க ஆளுக ஆட்சி. நீ மேடையில ஏறி ராஜதந்திரம்னு பேசுன. நான் கீழ நின்னு கேட்டேம்லா?"

"அது வேற அண்ணாச்சி."

"எப்படி வேற?"

"அன்னைக்கு நம்ம தலைவர் நேர்ல போயி கையக் குடுத்துட்டு வந்தாரு. அவன் அங்கன வித்ததுகூட நம்ம கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் வித்தான். இன்னைக்கு நம்மள மதிக்காம விக்கான்."

"மேல விழுற குண்டு மதிச்சு விழுந்தா என்ன, மதிக்காம விழுந்தா என்ன?"

"ஒமக்கு உலக அரசியல் புரியாது அண்ணாச்சி."

ராஜமணி அண்ணாச்சியை நியாயவான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் "ரத்தக் காசு" என்று குதித்தவர் அவர். இப்போது அவரும் "ராஜதந்திரம்" என்கிறார். துணி விற்கிறவன் பாஷையில் சொன்னால், இரண்டு பேரும் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். அளவு சரியாக இருந்தது.

"அது வேற" என்கிற அந்த இரண்டு சொல்லை மட்டும் சாதாரணமாக நினைக்காதீர்கள். இந்த இனத்தின் மொத்த உயிரும் அதில்தான் இருக்கிறது. தனக்குப் பிடித்தவர் விற்றால் ஏற்றுமதி, பிடிக்காதவர் விற்றால் ஆயுத வியாபாரம். தனக்குப் பிடித்தவர் இரண்டு பக்கமும் கை குலுக்கினால் நடுநிலை, மற்றவர் குலுக்கினால் இரட்டை வேடம். தன்னுடைய ஆள் வாய் மூடி இருந்தால் நிதானம், எதிராளி வாய் மூடி இருந்தால் கோழைத்தனம். இத்தனைக்கும் அவரிடம் தனித்தனியாக விளக்கம் கேட்டால் கிடைக்காது. அது வேற. முடிந்தது.

சரி, இவ்வளவு பேசுகிறவர் கடையில் என்ன விற்கிறார் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன்.

புதூர் பக்கத்துக் கரிசலில் மக்காச்சோளம் போட ஆரம்பித்த பிறகு, ஓடைக்குள் சீமைக்கருவேல மூட்டில் படுத்துக் கிடக்கிற காட்டுப் பன்றிகளுக்கு வருஷம் தவறாமல் விருந்துதான். பால் பிடித்த கதிரைக் கண்டால் கூட்டமாக இறங்கும். தின்பது பாதி, சாய்ப்பது பாதி. வெள்ளாமைக்காரச் சம்சாரிகளும் செய்யாததில்லை. புஞ்சையைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தார்கள். சலூனில் கூட்டி அள்ளிய முடியை மூட்டையாக வாங்கி வந்து வரப்பில் தூவிப் பார்த்தார்கள். ஜெயகிருஷ்ணனோ மூளைக்காரர். பழைய குழாய் ஒலிபெருக்கி, ஒரு பேட்டரி, மேலே ஒரு சோலார் தகடு, உள்ளே ஒரு மெமரி கார்டு. பொழுது அடைந்ததும் தானாகக் கத்த ஆரம்பித்து விடியும்வரை விட்டுவிட்டுக் கத்தும். பன்றி விரட்டி என்று பலகை மாட்டினார். பலகைக்குக் கீழே சிறிய எழுத்தில் "உயிர்ச்சேதம் இல்லாத தற்காப்புத் தொழில்நுட்பம்" என்றும் எழுதினார்.

முதலில் வந்து வாங்கியவர் சங்கரபாண்டி. ஜெயகிருஷ்ணன் கட்சிக்காரர், எட்டு ஏக்கர் புஞ்சைக்காரர். அவருக்குக் கொடுத்தது நாய்ச் சத்தம். நாய்கள் குரைத்தன, பன்றிகள் ஓடின. எங்கே ஓடின? பன்றிக்குச் சாக வேண்டும் என்று என்ன தலையெழுத்து? சத்தம் இல்லாத பக்கமாக ஓடின. அந்தப் பக்கம், ஒரு துண்டுப் புஞ்சை தாண்டி இருந்தது பாண்டிராஜ் புஞ்சை. பாண்டிராஜும் சங்கரபாண்டியும் பங்காளிகள்; ஆனால் பாண்டிராஜ் ராஜமணி அண்ணாச்சி கட்சி. ஒரு வண்டிப்பாதைத் தகராறில் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பாண்டிராஜ் மறுநாளே டவுன் பஸ் ஏறி வந்துவிட்டார். அவர் வந்தபோது நானும் ஜெயகிருஷ்ணன் கடையில் இருந்தேன்.

"அவனுக்கு மிஷின் வித்தது நீங்கதானா அண்ணாச்சி? ராத்திரி பூராப் பன்னிய எம் புஞ்சைக்குள்ள தள்ளி விடுதான். நீங்க இப்படிச் செய்யலாமா?"

"உட்காரு தம்பி. மொதல்ல டீயக் குடி. நான் அவனுக்கும் வேண்டியவன், ஒனக்கும் வேண்டியவன். அவனுக்கு நாய்ச் சத்தம் குடுத்தேன். ஒனக்குப் புலிச் சத்தம் தாரேன்."

பாண்டிராஜ் குளிர்ந்துபோய் வாங்கிக்கொண்டு போனார். புலி உறுமியது, பன்றிகள் திரும்பி மேற்கே ஓடின. நாலாம் நாள் சங்கரபாண்டி வந்தார். அவருக்கு வேட்டுச் சத்தமும் சிமிட்டுகிற சிவப்பு விளக்கும். பிறகு பாண்டிராஜுக்கு இரண்டு குழாய். பிறகு சங்கரபாண்டிக்கு நாலு. நான் பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அண்ணாச்சி, இது அந்த ரேடார் கதை மாதிரியே இருக்கே?"

ஜெயகிருஷ்ணன் என்னை நிஜமான வருத்தத்தோடு பார்த்தார். பச்சைப் பிள்ளை தெரியாமல் பேசிவிட்டது என்கிற பார்வை.

"அது வேற தம்பி. ஒருத்தனுக்கு மட்டும் குடுத்தா அநியாயம். ரெண்டு பேருக்கும் குடுத்தா சமநிலை. நான் குடுக்கலன்னா மதுரையில இருந்து ஒருத்தன் வந்து குடுப்பான். அவனுக்கு இந்த ஊரு மேல அக்கற இருக்குமா, சொல்லு?"

பன்றிகள்தான் இந்தச் சமநிலையை முதலில் புரிந்துகொண்டன. பத்து நாளாகப் புலி உறுமியும் ஒரு புலியும் வரவில்லை என்பதைக் கவனித்துவிட்டு, ஒலிபெருக்கிக் கம்பத்திலேயே வந்து முதுகைச் சொறிந்துகொள்ள ஆரம்பித்தன. இரண்டு பங்காளிகளும், ஒருவர் காலையிலும் ஒருவர் மதியமுமாக, வந்து சண்டை போட்டார்கள். ஜெயகிருஷ்ணன் யோசித்தார். மனுஷக் குரலுக்குத்தான் பன்றி பயப்படும், அதுவும் அடங்காமல் கத்துகிற ஆத்திரக் குரலுக்கு. அப்படி ஒரு குரலுக்கு அவர் எங்கே போக வேண்டும்? அலமாரியைத் திறந்தார். கைக்கு வந்த தெருமுனைப் பேச்சு ஒன்றைச் சங்கரபாண்டி கார்டிலும், இன்னொன்றைப் பாண்டிராஜ் கார்டிலும் ஏற்றிக் கொடுத்தார். பன்றிகள் அலறி அடித்து ஓடின. பேச்சாளர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஓடின பன்றிகள் எங்கே போயின? இந்தக் கேள்வியோடுதான் வெள்ளைத்தாய் வந்தாள்.

சங்கரபாண்டிக்கும் பாண்டிராஜுக்கும் நடுவில் இரண்டரை ஏக்கர் துண்டுப் புஞ்சை இருக்கிறது. அதைக் குத்தகைக்கு எடுத்து மக்காச்சோளம் போட்டிருந்தாள் வெள்ளைத்தாய். புருஷன் திருப்பூரில் வேலைக்குப் போய்ப் பொங்கலுக்குப் பொங்கல் வருகிறவன். பகலில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை, காலையும் மாலையும் புஞ்சை என்று ஒற்றை ஆளாக நின்று களை எடுத்து, உரம் வைத்து, கதிர் விட்டுப் பால் பிடிக்கும்வரை கொண்டுவந்திருந்தாள். இரண்டு பக்கமும் சத்தம்; நடுவில் அவளுடைய புஞ்சை மட்டும் அமைதியாக இருந்தது. பன்றிகளுக்கு அமைதி பிடித்திருந்தது. ஒரே வாரத்தில் பாதிப் புஞ்சை தரையோடு கிடந்தது.

ஜெயகிருஷ்ணன் கடை வாசலில் நின்று அவள் சொன்னதை அவள் வாய்ச்சொல்லிலேயே தருகிறேன்.

"பொழுது அடஞ்சதும் மேக்க இருந்து ஒங்க சத்தம் கேக்கு அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் ஆயுதம் விக்கவன் மனுசனான்னு கேக்கீங்க. அது முடியுமுன்ன கிழக்க இருந்தும் ஒங்க சத்தம்தான். ரெண்டு பக்கமும் விக்கதுதான் ராஜதந்திரம், வாழ்க வாழ்கங்கீங்க. விடிய விடிய இதுதான். நடுவுல நானும் பன்னியளும் ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கோம். எனக்கு அந்தப் பேச்சு ஒண்ணும் வெளங்கல. பன்னிக்கும் வெளங்கலன்னுதான் தோணுது. அது பாட்டுக்குத் திங்கி."

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"வீட்டுல இருந்த சேல பூராவும் கட்டிப் பாத்துட்டேன். ஒங்க கடையில போன தீவாளிக்கு எடுத்தேம்லா, நீலச் சேல, அதையும் சேத்துதான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். என் சிரிப்பு நின்றது. "பாதி போச்சு, போவட்டும். மீதிப் பாதி இருவது நாள் நின்னுச்சுன்னா அறுத்துருவேன். அது வரைக்கும் ரெண்டு பேரையும் மிஷின அமத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. ராத்திரி ஆள் காவல் இருந்து, மூணு பேரும் சேந்து வெரட்டிக்கிடலாம். வித்தவிய நீங்க. நீங்க சொன்னாக் கேப்பாவ."

ஜெயகிருஷ்ணன் உருகிப்போனார். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே கண் கலங்கியது. இந்த இனத்தாருக்கு இரக்கம் நிறைய உண்டு. அதில் குறையே சொல்ல முடியாது.

"கொடுமைதான் தாயி. ஆனா ஒண்ணு. நான் வித்தது தற்காப்புச் சாமான். அத எந்தப் பக்கம் திருப்பி வைக்கணும்ங்கது வாங்குனவன் இஷ்டம். அதுல நான் தலையிட்டா நல்லாவா இருக்கும்? வேணும்னா ஒனக்கும் ஒண்ணு தாரேன். முடிஞ்சப்ப பணத்தக் குடு."

"எனக்கும் ஒண்ணு வச்சா, பன்னி எங்கன போவும்?"

"அடுத்த புஞ்சைக்குப் போவும்."

"அடுத்த புஞ்ச பூங்கொடிக்குள்ளது. அவ என்ன செய்வா?"

"அவ வந்து கேட்டா அவளுக்கும் தாரேன்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் வெள்ளைத்தாய். அவ்வளவுதான் சொன்னாள். ஊரில் உள்ள அத்தனை பேச்சாளர்களும் ஆறு வருஷமாகப் பேசியும் வந்து சேராத இடத்துக்கு அவள் ஒரு சொல்லில் வந்துவிட்டாள் என்பது எனக்கே வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

அவளை வெறுங்கையோடு அனுப்ப ஜெயகிருஷ்ணனுக்கு மனம் வரவில்லை. கடைக்குள் போய் ஒரு டார்ச் லைட் எடுத்து வந்தார். மாரிராஜ் கடையில் கடலை மிட்டாய்ப் பாக்கெட் இரண்டு வாங்கி, "பிள்ளையளுக்குக் குடு" என்று கையில் வைத்தார். அதைத் தன் போனில் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் "வன விலங்குகளால் பாதிக்கப்பட்ட விவசாயிக்கு உதவி" என்று அவருடைய கட்சி வாட்ஸ்அப் குழுவில் அது வந்தது. பெரிய நாடுகளும் இப்படித்தான் செய்கின்றன. என்ன, அவர்கள் அனுப்புகிற பாக்கெட் விமானத்திலிருந்து விழும்.

நேற்று சனிக்கிழமை. வெள்ளைத்தாய் மறுபடியும் வந்தாள். கையில் ஒரு மனு. கோட்டாட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை கொடுப்பதற்காக எழுதி வாங்கி வந்திருந்தாள். நிலைமை தெரிந்த ஐந்து பேர் கையெழுத்து இருந்தால் மனு கனமாக இருக்கும் என்று எழுதிக் கொடுத்தவர் சொன்னாராம். டீக்கடையில் அப்போது நாங்கள் நாலு பேர்: ஜெயகிருஷ்ணன், ராஜமணி அண்ணாச்சி, டீ ஆற்றிக்கொண்டிருந்த மாரிராஜ், நான்.

ஜெயகிருஷ்ணன் மனுவை வாங்கி உரக்கப் படித்தார். "ஐயா, என் குத்தகைப் புஞ்சைக்குக் கிழக்கே பாண்டிராஜ் என்பவர் வைத்திருக்கும் மிஷினால் பன்றிகள் விரட்டப்பட்டு என் பயிரில் இறங்கி..." அவர் கழுத்து நரம்பு புடைத்தது. பாண்டிராஜ் ராஜமணி கட்சி அல்லவா?

"அநியாயம்! ஒரு ஏழப் பொம்பள உழைப்பு! அவன் பவுசுக்கு ஒரு அளவு இல்லையா? குடு தாயி பேனாவ! மொதக் கையெழுத்து நான் போடுதேன்!"

பேனாவைத் திறந்தபடியே அடுத்த வரியைப் படித்தார். "மேற்கே சங்கரபாண்டி என்பவர் வைத்திருக்கும் மிஷினாலும்..." கழுத்து நரம்பு தணிந்தது. இவ்வளவு சீக்கிரத்தில் தணிகிற கொதிப்பை நான் அடுப்பில்கூடப் பார்த்ததில்லை. பேனாவை மூடினார்.

"இவன் பேர எதுக்குத் தாயி சேத்த? இது வேற. இவன் மொதல்ல வச்சான், தன் பயிரக் காப்பாத்த வச்சான். இந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிட்டுக் குடு, நானே நேர்ல வந்து கோட்டாட்சியர்கிட்ட பேசுதேன்."

ராஜமணி அண்ணாச்சி மனுவை எட்டி வாங்கினார். வெள்ளைத்தாய் வேலை பார்ப்பது அவருடைய ஆபீஸில்தான். அவளுக்காக அவர் மனம் வருந்தியது முகத்தில் தெரிந்தது. வருந்திக்கொண்டே சொன்னார்: "பாண்டிராஜ் பேர எடுத்துட்டா நான் போடுதேன் வெள்ளத்தாயி. அந்தப் பய பாவம், அவன் மேல பன்னிய ஏவுனதே சங்கரபாண்டிதான."

ஆக, இரண்டு கையெழுத்து தயாராக இருந்தது. ஒருவருடையது கிடைக்க மேல் வரியை அடிக்க வேண்டும், மற்றவருடையதற்குக் கீழ் வரியை அடிக்க வேண்டும். இரண்டையும் அடித்துவிட்டால் மனுவில் மிஞ்சுவது பன்றிகள் மட்டும்.

"பன்னி எந்தப் பக்கம் இருந்து வந்துச்சுன்னு நான் பிரிச்சுப் பாக்கல அண்ணாச்சி" என்றாள் அவள். "ரெண்டு பக்கமும் இருந்து வந்துச்சு. எம் பயிரு ஒண்ணுதான்."

மாரிராஜ் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வந்தான். "எங்கனக்கா போடணும்?" என்று கேட்டான். அவள் காட்டிய இடத்தில் போட்டான். திரும்பிப் போய் டீ ஆற்றினான். அவன் மனுவைப் படிக்கவே இல்லை. அவள் புஞ்சை அழிந்த கதையை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அதற்குமேல் படிக்க ஒன்றும் இல்லை என்று பட்டிருக்கும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். இவ்வளவு நேரம் அடுத்தவரை அளந்தவன் ஆயிற்றே. மனுவை நானும் வாங்கினேன். யார் யார் பேர் இருக்கிறது என்று பார்த்தேன். பாண்டிராஜ் வீட்டில் வருஷா வருஷம் தீபாவளிக்கு என் கடையில்தான் துணி எடுக்கிறார்கள். சங்கரபாண்டி, பங்குனிக் கோயில் கொடைக்கு இளைஞர்களுக்கெல்லாம் ஒரே நிறச் சட்டைக்கு ஆர்டர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நொடிதான். "கண்ணாடி கொண்டு வரலம்மா" என்றேன். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. அவளுக்கும் அது தெரிந்தது.

ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று மனுவை என் கடை மேஜையில் வைத்து, காற்றில் பறக்காமல் மேலே ஸ்டேப்ளரை எடுத்து வைத்தாள். "நீங்க நிதானமா வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி. வாரவியகிட்டயும் கேட்டு வையுங்க. திங்கக்கெழம காலைல வந்து வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மேற்படிப் பேச்சாளரைப் பற்றி எனக்குள் இருந்த இளக்காரம் எல்லாம் அந்த இடத்திலேயே செத்தது.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடையைத் திறக்க வேண்டியதே இல்லை, திறந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மாரிராஜ் பெயருக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன். வீரம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். அவளுக்கு இன்னும் மூன்று கையெழுத்து வேண்டும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். புஞ்சையில் மீதிப் பாதி இன்று காலை வரைக்கும் நின்றுகொண்டிருந்ததாம்.

நல்லவேளையாக நீங்கள் வந்தீர்கள். நீங்கள் ஜெயகிருஷ்ணனைப் பார்த்துச் சிரித்தவர், ராஜமணி அண்ணாச்சியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர், என்னைப் பார்த்துச் சீ என்றும் சொல்லியிருப்பீர்கள். உங்களைப் போல ஒரு நியாயவான் இந்தத் தெருவில் வேறு யார் கிடைப்பார்கள்? இந்தாருங்கள் பேனா. இதோ மனு. பேர்கள் எல்லாம் மேலே இருக்கின்றன; கையெழுத்துப் போட வேண்டிய இடம் கீழே இருக்கிறது.

ஏன் மேலே பார்க்கிறீர்கள்?